வெளுக்காத பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்குப் பகலெல்லாம் தன் வாயைத் திறக்க நேரம் கிடைக்காது. வீட்டுக்கு வந்துதான் திறப்பேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பழகிப்போய், நான் ஆரம்பித்ததுமே டிவி சத்தத்தை ஒரு படி கூட்டிவைப்பார். நான் பேசுவதை உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கேட்கிற ஒரே ஆள் என் தங்கச்சி. அவள்தான் என் பல்லையும் என் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய் எனக்கே குழி பறித்தாள். இதை நான் சாந்தமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவரிடம். மாடியில் இரண்டு அறை, ஒரே ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். டாக்டரம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், என் காதருகே குனிந்து, கீழே வலது பக்கம் கடைசிப் பல், வேர் சிகிச்சை, பாதியில் ஓடிப்போனவர் என்று ஜாதகமே சொல்லிவிடுவார். எத்தனையோ தடவை இதைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

கடந்த ஒன்றரை வருஷமாக அவருடைய வலது கை லேசாக நடுங்குகிறது. எப்போதும் இல்லை, எப்போதாவது. நடுங்கினால் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு முகக்கவசத்தைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணுவார். நான் உடனே நோயாளியிடம் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி நேரம் வாங்கிக்கொடுப்பேன். வெட்டுகிற, தோண்டுகிற வேலைகளையெல்லாம் அவர் அப்போதே நிறுத்திவிட்டு வேறொரு டாக்டரிடம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். அதற்கு முதுகுவலியைக் காரணமாகச் சொன்னார். நிஜக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். வெளியே தெரிய வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டார், நானும் தலையாட்டினேன்.

என் கதைக்கு வருகிறேன். நான் நர்ஸ் இல்லை, உதவியாளர். எடுத்துக் கொடுக்கலாம், பிடித்துக் கொடுக்கலாம், ஆனால் என் கையால் ஒருவர் பல்லைச் சுத்தம் செய்யக் கூடாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். நாற்பத்து நாலு வயதில், சமையலறையில் நின்றுகொண்டே இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுதித் தேறினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடிதம். யாரிடம் வேலை பார்த்தேனோ அந்த டாக்டர் என்னைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் உரிமம் கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்கக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை.

டாக்டரம்மா சொல்லச் சொல்ல நானேதான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அதில் ஒரு வரி இருந்தது: “என் அறையில் நடப்பதும் பேசப்படுவதும் பத்தொன்பது ஆண்டுகளில் இவரைத் தாண்டி வெளியே போனதில்லை.” அதை அடிக்கும்போது எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அவர் அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்தார்.

இதற்கு நாலு மாதம் முன்னால் என் பல்லை வெளுத்தோம். நான் கேட்கவில்லை. புதிதாக ஒரு வெளுப்பு ஜெல் வந்திருந்தது. முதல் தடவை நோயாளி வாயில் வைத்துப் பார்க்க டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்லை. டீ குடித்துக் குடித்து என் பல் பழுப்பேறிக் கிடந்தது, நானே போய் நாற்காலியில் படுத்துக்கொண்டேன். பொய்ப்பற்களை வரிசையாகக் கோத்த ஷேடு அட்டையை என் பல்லோடு வைத்துப் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொண்டார். ஜெல் படாமலிருக்க ஈறு முழுவதும் நீலப் பசையைத் தடவி விளக்கைக் காட்டி இறுக வைத்தார். அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜிலிருந்து ஜெல்லை எடுத்தார். கால்மணி நேரம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, மூன்று தடவை. நடுநடுவே பல்லுக்குள் சுளீர் சுளீரென்றது.

எழுந்து கண்ணாடி பார்த்தால் வேறு யாரோ சிரிக்கிறார்கள். ஆனால் மேல்வரிசையில், நடுப்பல்லுக்கு இடது பக்கத்தில் இருந்த ஒரு பல் மட்டும் பழைய மஞ்சளிலேயே நின்றது. அது என் சொந்தப் பல் இல்லை. எட்டு வருஷம் முன்னால் படியில் விழுந்து உடைத்துக்கொண்டபோது டாக்டரம்மா போட்ட கேப், பல்லின் மேல் மாட்டுகிற உறை. எந்த ஜெல்லைத் தடவினாலும் கேப் வெளுக்காது. இரண்டு வாரம் போகட்டும், மற்றப் பல்லின் நிறம் நிலைத்த பிறகு அதற்கேற்ற மாதிரி புதிது போடலாம் என்றார். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். எல்லாப் பல்லும் ட்யூப்லைட் மாதிரி எரியுது, ஒண்ணு மட்டும் ஃப்யூஸ் போயிடுச்சு என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

என் தங்கச்சி வந்தது அந்த வாரக் கடைசியில். எனக்கு ஆறு வயது இளையவள். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், அவள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அடி வாங்கியதும் நான்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் பார்லர் வைத்திருக்கிறாள். வந்தவள் என் பல்லைப் பார்த்து வாயைப் பிளந்தாள். என்ன போட்டார்கள், எப்படி வெளுத்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லு என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பேசுகிற வேகத்துக்கு எழுத முடியாதாம், அதனால் பதிவு பண்ணிக்கொள்கிறேன் என்று போனை மேஜையில் வைத்தாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நாற்பது நிமிஷம் பேசினேன்.

பல்லை வெளுக்க இரண்டே வழி என்றேன். மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுப்பது ஒன்று, பல்லுக்குள் ஊறிப்போன நிறத்தை உடைப்பது இன்னொன்று. கரித்தூள், களிமண், பற்பசையில் போடுகிற சிலிக்கா எல்லாம் தேய்க்கிற வகை. அளவு மீறினால் கறையோடு பல்லின் மேல்தோலும் போய்விடும். எலுமிச்சையும் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்கிறவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும், புளிப்பு பல்லைத் தின்றுவிடும். சில பற்பசையில் லேசாக நீலச் சாயம் போடுகிறார்கள், மஞ்சளின் மேல் நீலம் பட்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், சட்டைக்கு நீலம் போடுகிற அதே வித்தை. உள்ளே இருக்கும் நிறத்தை உடைப்பது பெராக்சைடு ஒன்றுதான். வீட்டில் வைத்துக்கொள்ளத் தருகிற கார்பமைடு பெராக்சைடு பத்து சதவீதம் என்றால் அதிலிருந்து நிஜமாக வேலை செய்யும் பெராக்சைடு மூன்றரை சதவீதம்தான் வரும். நாற்காலியில் வைத்துச் செய்கிற ஜெல் முப்பத்தைந்து சதவீதம். அதைப் பல்லில் ஒட்டி நிற்கவைக்க கிளிசரினும் கெட்டிப்படுத்துகிற மாவும், கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டும். இப்படிப் போய்க்கொண்டே இருந்தேன். வாய் ஓடினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இடையில் கிளினிக் பெருமையும் கொஞ்சம் அளந்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூலிகைப் பூச்சாம், பார்லரில் விற்கப்போகிறாளாம். லேபிளைப் படித்தேன். அதிமதுரம், கிராம்பு, புதினா, தேங்காய் எண்ணெய். இதனால் கெடுதலும் இல்லை, பெரிதாக ஒரு பிரயோஜனமும் இல்லை, வாய் மணக்கும் என்றேன். போகும்போது என் போனில் இருந்த படங்களைக் கேட்டாள். வெளுப்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டாக்டரம்மா எடுத்தவை, உதடும் பல்லும் மட்டும். பார்லரில் இருக்கிற பெண்களுக்கு நிற வித்தியாசத்தைக் காட்டிப் புரியவைக்கத்தான் என்றாள். அனுப்பினேன். கூடப்பிறந்தவள் கேட்டு இல்லை என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நாலு மாதம் கழித்து, கடிதம் இழுப்பறையில் இருந்த அந்த வாரம், வியாழக்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள், இருபத்தைந்து வயது இருக்கும். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். எடுத்ததும் எனக்கே பகீரென்றது. மேல் ஈறு முழுக்க வெள்ளையாக வெந்து, ஓரங்களில் தோல் உரிந்து தொங்கியது. மூச்சை உள்ளே இழுத்தால் காற்றுப் பட்டுப் பல் கூசி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான் என்றாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாததால் பின்னால் உட்காரவைத்துவிட்டார்களாம்.

வீட்டில் தினமும் அரைமணி நேரம் பூசிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாள். மூலிகைதான், மருந்தெல்லாம் இல்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார்களாம். டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அதே லேபிள். அப்போதும் மனசு தங்கச்சி பக்கம்தான் சாய்ந்தது. இந்தப் பெண்ணுக்கு அதிமதுரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு துளி எடுத்து இடது ஆள்காட்டி விரலில் தடவிக்கொண்டேன். எங்கள் வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது கையுறை கிழிந்து பட்டுக்கொண்டவர்கள்தான். பெராக்சைடு தோலில் பட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று, அந்த இடம் வெளேரென்று ஆகிவிடும், பழைய நிறம் திரும்ப ஒருமணி நேரம் பிடிக்கும். எந்த மூலிகையும் அதைச் செய்யாது. இரண்டு நிமிஷம் ஆகவில்லை, என் விரல் நுனி சாக்பீஸ் மாதிரி வெளுத்தது. டாக்டரம்மா என் விரலைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எங்கே வாங்கினாய் என்று அவர் கேட்க, அந்தப் பெண் போனில் ஒரு விளம்பரத்தைத் திறந்து நீட்டினாள். பல் மருத்துவத்தில் பத்தொன்பது வருஷம் இருப்பவரின் மேற்பார்வையில் என்று போட்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு வாய், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. டாக்டரம்மா படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னும் பெரிதாக்கினார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஈற்றைக் கழுவி, மருந்து தடவி, ஆறுவதற்கு வழி சொல்லி அனுப்பினார். அவள் போன பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“அந்தக் கேப்ப நான்தான் போட்டேன்.”

வாய் மட்டும் தெரிந்தால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று என் தங்கச்சி நினைத்திருப்பாள். ஊரில் வேறு யாருக்கும் தெரியாதுதான். முகத்தை மறந்து பல்லை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒரே ஆளிடம் போய் அந்தப் படம் மாட்டிக்கொண்டது. எல்லாப் பல்லும் வெளுத்து, ஒன்று மட்டும் மஞ்சளாக.

சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன். படம் எப்படிப் போனது, டப்பாவை நான் எப்போது பார்த்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உன் தங்கச்சியே வந்து என்னிடம் சொல்லட்டும், அதற்குப் பிறகு கடிதத்தைப் பார்க்கலாம் என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குக் கருவிகளை அவரே கொதிக்கவைத்தார்.

சாயங்காலம் நேராகப் பார்லருக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க என் வாய். மனுஷி உயரத்துக்கு அச்சடித்து ஒட்டியிருந்தாள். நான் அதற்கு முன்னால் நின்றபோது என் பல் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம் இருந்தது. நாற்காலியில் முகத்துக்குப் பூசிக்கொண்டு படுத்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு தங்கச்சியைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஒன்றும் தெரியாத மாதிரி விழித்தாள். உன் டப்பாவைத் தொட்டு வெளுத்த விரல் என்று காட்டினேன், வெளுப்பு அதற்குள் மறைந்திருந்தது, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூலிகைப் பூச்சைப் பூசிக்கொண்டவர்கள் ஒன்றும் வெளுக்கவில்லையே என்று திரும்பி வந்து சண்டை போட்டார்களாம். அழகுச் சாமான் கொண்டுவருகிற விற்பனையாளர் ஒருவரிடம் சொல்லி, நாற்காலியில் வைக்கிற அந்தக் கடும் ஜெல்லை வரவழைத்து, டப்பாவில் கலந்திருக்கிறாள்.

“நீதானக்கா சொன்ன, பெராக்சைடு இல்லாம வெளுக்காதுன்னு.”

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் ஈறு எப்படி இருந்தது என்று சொன்னேன், கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை கையெழுத்து ஆகவில்லை என்றால் என் இரண்டு வருஷமும் தண்ணீரில் போட்டதுதான் என்றேன். அவள் அழுதாள். மூக்கு சிவக்க, சின்ன வயதில் அழுகிற அதே அழுகை. நாளைக்கே வந்து டாக்டர் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இளகிப்போய் அவள் தலையைத் தடவிவிட்டு, முகத்தைக் கழுவு, வாடிக்கைக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குப் பரிந்தே பழகிய கை, என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். நல்ல புடவை கட்டி, கொண்டை போட்டிருந்தாள். அழுத முகமாக இல்லை. டாக்டரம்மா அவளை மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னார், நான் கதவோரம் நின்றேன். ஹோட்டல்காரப் பெண்ணின் அப்பா காலையில் பார்லருக்கு வந்து புகார் கொடுக்கப்போவதாகக் கத்திவிட்டுப் போனார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தானாகச் செய்ததாக இருந்தால் பார்லரை மூடிவிடுவார்கள், படித்த ஒருத்தர் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக இருந்தால் ஏதோ தப்பிக்கலாம் என்று யாரோ அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

“எல்லாம் எங்கக்கா சொல்லித்தான் செஞ்சேன் டாக்டர். எவ்ளோ சதவீதம்னுகூட அவதான் சொன்னா.”

 அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்து, ஆதாரம் இருக்கிறது என்று தட்டினாள். என் குரல் வந்தது. நாற்காலியில் வைக்கிற ஜெல் முப்பத்தைந்து சதவீதம், பெராக்சைடு இல்லாமல் எந்தப் பல்லும் உள்ளேயிருந்து வெளுக்காது, கிளிசரின், நைட்ரேட் என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான். பொய் என்று ஒன்றைக்கூட எடுத்துக் காட்ட முடியாது. படுபாவி, எவ்வளவு அழகாக அந்த இடத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பத்து எண்ணுவதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.

மீதியையும் போடுங்கள் என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் இருக்கிறது என்றாள் இவள். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தார். நாற்பது நிமிஷம் என்று போட்டிருக்கிறதே என்று சொல்லிவிட்டு அவரே தட்டினார்.

ஃபேன் சத்தம், குக்கர் சத்தம், பிறகு என் குரல். “ஆனா இத நீ கையால தொடக் கூடாது, சொல்லிட்டேன். ஈற மூடாம வெச்சா வெந்துபோயிடும். பார்லர்ல இதச் செய்யறவங்கள உள்ள தள்ளணும்.” அதற்கு என் தங்கச்சியின் சிரிப்பு. “சீ போக்கா, உன் பேர நான் கெடுப்பேனா?”

 தங்கச்சி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கடைசிவரை கேட்டுப் பார்க்கவே இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. தனக்கு வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தப்பித்தேன், கடிதம் வந்துவிடும் என்று மூச்சு விட்டேன்.

அதோடு டாக்டரம்மா நிறுத்தியிருக்கலாம். அவர் எதையும் கடைசிவரை பார்க்கிற ஆள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. தங்கச்சி அதில் ஏதோ கேட்டாள், உன் டாக்டரம்மா இதெல்லாம் நன்றாகச் செய்வார்களா என்ற மாதிரி. அதற்கு நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே எனக்கு அடுத்து வரப்போவது ஞாபகம் வந்துவிட்டது. கதவோரத்திலிருந்து மேஜை நாலு அடிதான், ஆனால் என் கால் நகரவில்லை.

“அந்தம்மாவா? கை நடுங்குதுடி. ஒரு வருஷமாச்சு. முதுகுவலின்னு ஊர ஏமாத்திட்டிருக்கு. நான் பக்கத்துல இல்லன்னா ஒரு நாள் ஓட்ட முடியாது. யார்கிட்டயும் சொல்லிடாத.”

டாக்டரம்மா போனை அணைத்தார். அவருடைய வலது கை மேஜையின் மேல் இருந்தது. அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் தங்கச்சியிடம் போனை நீட்டி, நீங்கள் போகலாம், அந்தப் பெண் ஆறுவதற்கு ஆகிற எல்லாப் பொறுப்பும் உங்களுடையது, டப்பாவில் என்ன கலந்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் அப்பாவிடம் நீங்களே கொடுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. தங்கச்சி என்னைக் கடந்து போனபோது அவள் தோள் என் மேல் இடித்தது. மன்னிப்பும் கேட்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நான் டாக்டரம்மாவிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பெருமைக்காக உளறினேன், என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன், வேறு ஒன்றும் இல்லை என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த நோயாளி மணியை அடித்துவிட்டார். நான் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தேன். மத்தியானம் வரைக்கும் அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். கேட்டதை மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைக் கொடுத்தார். நல்லபடியாகக் கிடைக்கட்டும் என்றார். நான் தேம்பிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. வேலை தெரிந்தவர், நேரம் தவறாதவர், சுத்தத்தில் குறை வைக்காதவர், எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரி இல்லை. புதிதாக அடித்து எடுத்திருக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித்தான் அடிப்பார். இரண்டு இடத்தில் பிழை இருந்தது.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. தங்கச்சி மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. என் பல்லை விற்றாள், என் பேச்சை வைத்து என்னையே மாட்டிவிடப் பார்த்தாள், செத்தாலும் அதை மறக்க மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் நான் அழுதது அவளுக்காக இல்லை. ஒரு மனுஷி பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் சமையலறையில் வைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். என் தங்கச்சி எனக்குச் செய்ததற்கும் இதற்கும் எந்த இடத்தில் வித்தியாசம் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? ஆறு வாரத்தில் உரிமம் வந்தது. அந்த ஹோட்டல் பெண்ணுக்கு ஈறு ஆறிவிட்டது, கூச்சம் இன்னும் இருக்கிறது, மாதம் ஒரு தடவை வருகிறாள். என் தங்கச்சி சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு தடவை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. புது கேப் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரம்மா கேட்டார், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் கையாலேயே பல் சுத்தம் செய்கிறேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்கிறார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்குக் கை நடுங்குவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நடுங்க ஆரம்பித்ததும் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்.